பாத்தனீரோ

அவருடைய பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. அமெரிக்காவில் கவிதை படிக்கிற ஆட்களுக்கே தெரியாது. இளவயதில் ஒரேயொரு கவிதைப் புத்தகம் போட்டவர். அதற்குப் பிறகு சாகும்வரை மற்றவர்களுடைய கவிதைகளை வெட்டிக் கொத்தித் தன்னுடைய சின்னப் பத்திரிகையில் போட்டுக்கொண்டிருந்தவர். எங்கள் கடையில் அவருக்குப் பெயர் 'பாத்தனியோ'. கடைக்கார அண்ணை வைத்த பெயர் அது. முகத்துக்கு நேரேயே கூப்பிடுவார். மனிசன் அதை ஏதோ எங்கள் ஊர் வணக்கமென்று நினைத்து, தானும் "பாத்தனியோ!" என்று சொல்லிக் கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரும்.

உண்மையில் அது அவருடைய கேள்வி. எதைக் கொடுத்தாலும் அதைத்தான் கேட்பார். "நீர் பாத்தனீரோ?" உம்முடைய கண்ணால் கண்டீரோ என்று. அவர் கதைத்தது ஆங்கிலம். என் ஞாபகத்தில் இருப்பதெல்லாம் தமிழில். ஆகவே ஒரு ஒஹாயோக்காரர் இங்கே யாழ்ப்பாணத்தான்போலக் கதைக்கப்போகிறார், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில் அந்த உயர்ந்த கட்டடங்களுக்குக் கீழே எங்கள் அச்சுக்கடை இருந்தது. இரண்டு போட்டோக்கொப்பி மெசின், ஒரு கொம்பியூட்டர், பின்னறையில் பழைய அச்சு மெசின் ஒன்று. கலியாணக் காட், பெண்பிள்ளைகளின் சாமத்திய வீட்டுக் காட், பலசரக்குக் கடை விளம்பரம், எல்லாவற்றுக்கும் மேலாக மரண அறிவித்தல். தமிழ் ரைப் பண்ணுவது என் வேலை. ஊரில் ஆர் கண்ணை மூடினாலும் அடுத்த நாளோ மறுநாளோ என் விரலுக்கு வந்து சேர்ந்துவிடும். ஊரில் ஆங்கிலம் படிப்பித்த ரீச்சர் என்றபடியால், இந்த வெள்ளைக்காரரையும் அண்ணை என் தலையில் கட்டிவிட்டார்.

வியட்னாம் சண்டைக்கு ஆள் பிடித்த காலத்தில், போக மாட்டேன் என்று எல்லை தாண்டி வந்தவர். பிறகு மன்னிப்புக் கொடுத்துவிட்டார்கள், வேண்டுமானால் திரும்பி வரலாம் என்றார்கள். இவர் போகவில்லை. "உவரும் எங்கட ஆள்தான், பிள்ளை. நாங்கள் பிளேனிலை வந்தம், உவர் பஸ்சிலை வந்தவர்" என்று அண்ணை சொல்லுவார். நெட்டை, கொஞ்சம் கூனல். கோடையிலும் அதே மண்ணிறக் கோட். இருமல் ஓயாது. ரெலிபோன் வைத்திருக்கவில்லை. பத்திரிகையின் உள்பக்கத்தில் எங்கள் கடை நம்பரைத்தான் அண்ணையிடம் கேட்டுப் போட்டிருந்தார்.

அச்சடித்த தாள்களைத் தானே மடிப்பார். எங்களிடம் அதற்கு மெசின் இருந்தது, ஆனால் மனிசன் விடாது. கோட் பொக்கற்றிலிருந்து ஒரு சாப்பாட்டுக் கரண்டியை எடுத்து, அதன் முதுகால் மடிப்பை ஒரு இழுவை. கத்தி வைத்ததுபோலப் படிந்துவிடும். பின்னேரம் முழுக்க மூலை மேசையில் இருந்து மடித்துக்கொண்டிருப்பார். நான் பிளேன்ரீ போட்டுக் கொடுத்தால் அந்தக் கரண்டியாலேயே சீனி கலக்கித் துடைத்துவிட்டு மறுபடியும் மடிப்பார். முதலில் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது.

கவிதைகளை வெட்டுவதில் ஈவிரக்கம் கிடையாது. ஒருநாள் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற ஒருவர் கடைக்கே வந்துவிட்டார், சண்டைக்கு. அவருடைய கவிதையில், உறைந்துபோன ஏரிக்கு மேல் காகம் ஒன்று அழுததாம். அந்த வரியை இவர் வெட்டிவிட்டார்.

"நீர் பாத்தனீரோ?" என்று கேட்டார் இவர், மடிப்பதை நிறுத்தாமல்.

"அது உவமை" என்றார் அந்த மனிதர்.

"நான் உவமையைப் பற்றிக் கேக்கேல்லை. காகத்தைப் பற்றிக் கேக்கிறன்."

வந்தவருக்கு முகம் சிவந்துவிட்டது. கவிதையைத் திருப்பித் தா என்றார். இவரும் உடனே எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்த இதழ் ஒரு பக்கம் குறைவாகத்தான் வந்தது. அண்ணைக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "உவர் எங்கட கவிஞர்மாரிட்டை மாட்டினால் ஒருத்தனும் மிஞ்சான்" என்றார்.

என் கொம்பியூட்டர் திரையையும் சும்மா விடுவதில்லை. மரண அறிவித்தல் ரைப் பண்ணும்போது பின்னால் வந்து நின்று, என்ன எழுதியிருக்கிறது, சொல்லும் என்பார். நான் வரிவரியாக ஆங்கிலத்தில் சொல்லுவேன். இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் அன்புச் சகோதரரும், ஒஷாவாவில் இருக்கும் இன்னாரின் அன்பு மைத்துனரும். இப்படியே போகும். எல்லாப் பெயருக்கும் முன்னால் ஏன் அன்பு என்று கேட்டார். அதுதான் வழக்கம் என்றேன்.

"இவ்வளவு பேரும் அன்பாய் இருந்ததை ஆர் பாத்தது?"

"அந்தச் சகோதரரும் செத்தவரும் காணிக்காகக் கோட்டிலை வழக்காடினவை" என்றேன். எனக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியும். மனிசன் வாய்விட்டுச் சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அன்பை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் பெயர்களை மட்டும் விட்டால் இதைத் தன்னுடைய பத்திரிகையிலேயே போடுவேன் என்றார்.

ஆனால் அவருடைய பத்திரிகையில் செத்தவர்களைப் பற்றிக் கவிதையே வராது. முன்பக்கத்திலேயே அச்சடித்திருப்பார், இரங்கல் கவிதை அனுப்பவேண்டாம் என்று. ஏன் என்று கேட்டால் கரண்டியைத் தேடுவார்.

என் கதைக்கு வருகிறேன். என் புருசன் ஊரில் காணாமல்போனவர். மண்ணெண்ணெய் வாங்கப் போனார், வரவில்லை. ட்ரக் ஒன்றில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். யார் ஏற்றினார்கள் என்பதிலேயே ஊரில் இரண்டு கதை. இரண்டு கதையையும் சொன்னவர்கள் வேறு யாரோ சொல்லித்தான் கேட்டவர்கள். புருசனின் தமையன், நான் பெரியத்தான் என்று கூப்பிடுகிறவர், அப்போதே கனடாவில் இருந்தார். அவர்தான் ஏஜென்சிக்காரனைப் பிடித்து என்னை இங்கே எடுப்பித்தவர். "நீ முதல் போ பிள்ளை, அவன் வந்தால் பின்னாலை அனுப்பிவிடுறம்" என்று மாமி சொன்னா. நம்பித்தான் வந்தேன். வந்த கிழமையே என்னுடைய கட்டட இலக்கத்தையும் கதவிலக்கத்தையும் மாமிக்கு, சந்திக் கடைக்காரருக்கு, கோயில் ஐயருக்கு என்று எல்லோருக்கும் எழுதிப்போட்டேன். அதனால்தான் பிறகு பெரியத்தான் வீடு வாங்கி அஜக்ஸுக்குப் போனபோது, "அங்கை ஒரு அறை சும்மா கிடக்கு, வா" என்று எத்தனை தரம் கூப்பிட்டும் நான் அசையவில்லை. கரப்பான் ஓடுகிற அந்த அப்பார்ட்மென்ற்தான் என் புருசனுக்குத் தெரியக்கூடிய ஒரே விலாசம்.

ஒருநாள் பாத்தனியோ என் நெற்றியைக் காட்டி, இந்தப் பொட்டுக்கு என்ன கருத்து என்று கேட்டார். புருசன் இருக்கிறார் என்று கருத்து என்றேன். எங்கே இருக்கிறார் என்றார். தெரியாது என்றேன். கதையைச் சொன்னேன்.

இந்தக் கதையைக் கேட்ட சனம் வழக்கமாக இரண்டு வேலைதான் செய்யும். "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டும். அல்லது "எல்லாம் நன்மைக்கே, மனதைத் தேற்றிக்கொள்" என்று புத்தி சொல்லும். இவர் இரண்டும் செய்யவில்லை.

"ட்ரக்கிலை ஏத்தினதை ஆர் பாத்தது?"

"ஒருத்தரும் பாக்கேல்லை."

"என்ன கிடைச்சது?"

"சைக்கிள். மதகடியிலை கிடந்தது."

"என்ன நிறம்?"

"கறுப்பு. பின்கரியரிலை நீலக் கயிறு. நான்தான் கட்டிவிட்டனான், மண்ணெண்ணெய்க் கான் விழாமல்." என் புருசன் போனதற்குப் பிறகு, சைக்கிளின் நிறத்தை என்னிடம் கேட்ட முதல் ஆள் இவர்தான். என் புருசன் செத்துவிட்டார் என்பதை எல்லோரும் எனக்கு எப்படியாவது விளங்கப்படுத்தப் பார்த்தார்கள். இவர் அந்த மனிசனைப் பற்றிக் கேட்டார். அழுதேன். மனிசன் ஆறுதல் ஒன்றும் சொல்லாமல் இருந்து மடித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை பெரியத்தான் கடைக்கு வந்தார். சும்மா வருகிற ஆள் இல்லை. மடித்த கடதாசி ஒன்றை என் மேசையில் வைத்தார்.

"பிள்ளை, அம்மா ஏலாமல் கிடக்கிறா. தான் கண்ணை மூடமுதல் அவன்ர காரியத்தைச் செய்துபோடவேணுமாம். ஐயரோடை கதைச்சிட்டம். உடல் இல்லாட்டியும் தர்ப்பையிலை உருவம் செய்து எரிக்கலாமாம். பேப்பரிலையும் ஒரு அறிவித்தல் போடவேணும். உதை ஒருக்கா ரைப் பண்ணித் தா."

விரித்துப் பார்த்தேன். என் புருசனுடைய மரண அறிவித்தல். என் பெயர் இருந்தது, அன்புக் கணவரும் என்ற சொல்லுக்கு முன்னால். இறைவனடி சேர்ந்தார் என்று முடிந்திருந்தது. திகதி இருக்கவேண்டிய இடத்தில் கோடு மட்டும் இழுத்திருந்தார்.

"திகதி?" என்று கேட்டேன்.

"அதை நீயே ஒண்டு போடு பிள்ளை. அவன் போன நாளையே போடன்."

பெரியத்தான் கெட்ட மனிசன் இல்லை. அவருக்கும் தம்பி. அழுது அழுது அலுத்து, இனி ஒரு முடிவு வேண்டும் என்று வந்தவர். அது எனக்கு இன்றைக்கு விளங்குகிறது. அன்றைக்கு அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டிய அவருடைய விரல்கள் மட்டும்தான் எனக்குத் தெரிந்தன.

மூலை மேசையில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பி வந்தார். என்ன எழுதியிருக்கிறது என்றார். வழக்கம்போல வரிவரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். வாய் அதுபாட்டுக்குச் சொன்னது. கேட்டு முடித்துவிட்டுப் பெரியத்தான் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் பாத்தனீங்களோ?"

"என்ன?"

"உங்கட தம்பி செத்ததை. நீங்கள் பாத்தனீங்களோ? வேறை ஆரும் பாத்தவையோ?"

பெரியத்தானுக்கு அந்தளவு ஆங்கிலம் விளங்கும். முகம் கறுத்துவிட்டது. "உவன் ஆர், எங்கட வீட்டு விசயத்துக்குள்ளை மூக்கை நுழைக்க? பிள்ளை, உவனை வெளியிலை போகச் சொல்லு!"

கடைக்கார அண்ணை பின்னறையிலிருந்து ஓடிவந்தார். "அண்ணை, குறை நினையாதேங்கோ. உவருக்கு உது ஒரு வியாதி மாதிரி. ஆரைக் கண்டாலும் கேப்பார்."

நான் கடதாசியை மடித்துப் பெரியத்தானிடம் நீட்டினேன். "ஏலாது பெரியத்தான்."

"என்ன ஏலாது?"

"திகதி தெரியாமல் ரைப் பண்ண ஏலாது."

"உனக்கு விசரே? ஆருக்காகப் பொட்டு வைச்சுக்கொண்டு திரியிறாய்? சனம் என்ன கதைக்குது எண்டு தெரியுமோ? அவன் செத்துப்போனான் எண்டு ஊருக்கே தெரியும்."

"ஊர் பாத்ததோ?"

என் வாயிலிருந்து அது எப்படி வந்ததென்று எனக்குத் தெரியாது. பெரியத்தான் என்னையும் அந்த வெள்ளைக்காரரையும் மாறிமாறிப் பார்த்தார். கடதாசியை வாங்கிப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. என்னைக் கனடாவுக்கு எடுத்த மனிதர்.

அந்த மாரியில் மாமி போய்விட்டா. காரியம் செய்யாமலே போய்விட்டா. தனக்குப் பக்கத்தில் இருந்தவர்களிடம், "என்ர பிள்ளைக்கு ஒரு பிடி எள்ளுத்தண்ணி இறைக்க அவள் விடேல்லை" என்று சொன்னாவாம். அந்தச் செய்தி கடல் தாண்டி வந்து என் காதில் விழுந்தது. நல்லது கெட்டது எதுவும் வராத ஊரிலிருந்து அது மட்டும் வந்து சேர்ந்தது.

மாமியின் மரண அறிவித்தலை எங்கள் கடைக்குத் தரவில்லை. பலசரக்குக் கடை வாசலில் சும்மா எடுக்கிற தமிழ்ப் பேப்பரில்தான் பார்த்தேன். பிள்ளைகளின் பெயர் வரிசை இருந்தது. எங்கள் அறிவித்தல்களில் செத்துப்போன பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவார்கள். என் புருசனின் பெயருக்கு முன்னால் அது இருந்தது. மருமக்கள் வரிசையில் என் பெயர் இல்லை. கறிவேப்பிலைப் பையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வாசலிலேயே நின்றேன். சனம் என்னை இடித்துக்கொண்டு உள்ளே போனது. தர்ப்பையும் வேண்டியிருக்கவில்லை, நெருப்பும் வேண்டியிருக்கவில்லை. ஒரு சொல்லோடு காரியத்தை முடித்துவிட்டார்கள்.

அந்தப் பேப்பரோடு நேரே பாத்தனியோவின் அப்பார்ட்மென்றுக்குப் போனேன். என் கட்டடத்துக்குப் பக்கத்துக் கட்டடம்தான். கதவு திறந்ததும் கத்தத் தொடங்கினேன்.

"உங்கட கேள்வியாலை ஒரு கிழவி நெஞ்சு வெந்து செத்துப்போனா. என்னை இந்தக் குடும்பம் வெட்டிவிட்டுட்டுது. உங்களுக்கு இது விளையாட்டு. காகம், ஏரி, இதுகள் மாதிரி. என்ர புருசன் உங்கட பத்திரிகையிலை வாற வரி இல்லை!"

உள்ளே வரச்சொன்னார். கட்டிலுக்குக் கீழே, யன்னலோரம், குளியலறை வாசல்வரை அவருடைய பத்திரிகைக் கட்டுகள். விற்காதவை. சமையல் மேசையில் எனக்கு இடம் ஒதுக்கித் தந்துவிட்டு, அலுமாரியிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தார். அவருடைய அந்த ஒரே புத்தகம். ஒரு முழுக் கவிதையும் பென்சிலால் குறுக்கே வெட்டியிருந்தது. ஒரு வரியைத் தவிர.

"என்ர தம்பியைப் பற்றினது. நான் இஞ்சை ஓடி வந்தன். அவன் சண்டைக்குப் போனான். காணாமல்போனான். உடல் வரேல்லை. நான் இதை எழுதினன். ஆறு எண்டு எழுதினன், ஹெலிகொப்டர் எண்டு எழுதினன், அவன்ர கண்ணிலை கடைசியாய் என்ன தெரிஞ்சது எண்டுகூட எழுதினன். எல்லாரும் மெச்சினவை. பரிசும் தந்தவை."

வெட்டாமல் விட்ட வரியை விரலால் காட்டினார். தம்பி சப்பாத்து லேசுக்கு எப்போதும் இரண்டு முடிச்சுப் போடுவான் என்று இருந்தது. "இதொண்டுதான் நான் பாத்தது" என்றார்.

"பிறகு?"

"அம்மாவுக்கு ஒரு புத்தகம் அனுப்பினன். அப்ப என்னட்டைப் போன் இருந்தது, அவ அதுக்கு அடிச்சவ. அவன் செத்ததை நீ பாத்தனியோ எண்டு கேட்டவ. இல்லை எண்டு சொன்னன். அப்ப ஏன்ரா அவனைச் சாகடிச்சனீ எண்டு கேட்டுப்போட்டு வைச்சிட்டா. அதுக்குப் பிறகு கதைக்கேல்லை. அவன் வந்தால் தேடுவான் எண்டு இண்டைவரைக்கும் அந்த வீட்டை விட்டு மாறவும் இல்லையாம்."

அதற்குப் பிறகு அவர் கவிதை எழுதவே இல்லையாம். மற்றவர்களுடையதைத்தான் வெட்டினார். நான் என் பேப்பரை மடித்து வைத்தேன். அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் கத்துவதற்கு என்னிடம் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

"உமக்கு நான் செய்தது நல்லதோ கெட்டதோ எண்டு எனக்கே தெரியாது" என்றார். எனக்கும் தெரியாது என்றேன். பிளேன்ரீ போட்டுத் தந்தார், சீனி கூடிப்போயிருந்தது.

அதற்குப் பிறகும் கடைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். பிறகு இருமல் கூடியது. கடைசி இதழுக்குத் தாள் எல்லாம் அடித்தாயிற்று. இம்முறை வீட்டிலிருந்து மடிக்கிறேன் என்று கட்டிக்கொண்டு போனார். போனவர் வரவில்லை. அந்த இதழுக்கு அடித்த அட்டை மூலை மேசையில் தூசி பிடித்துக் கிடந்தது. "பிள்ளை, பாத்தனியோவை ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாவன்" என்று அண்ணை சொன்னார்.

தட்டினேன், சத்தமில்லை. கட்டட மனேஜரைக் கூட்டிவந்து திறப்பித்தேன். மனேஜர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டார். பொலிஸ் வந்தது. இளம் பெடியன் ஒருவன். உறவுக்காரர் இருக்கினமோ, உங்களுக்கு இவரைத் தெரியுமோ, ஒருக்கா முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலுமோ என்று கேட்டான். ஏலும் என்றேன். என் வாழ்க்கையில் அதுவரை எத்தனையோ சாவை ரைப் பண்ணியிருக்கிறேன், ஒன்றையும் கிட்ட நின்று பார்த்ததில்லை. அன்றைக்கு வடிவாகப் பார்த்தேன். அவருக்காகத்தான் பார்த்தேன். பார்க்காமல் வெளியே வந்து, ஓம் அவர்தான் என்று சொல்லியிருந்தால் மனிசன் என்னை மன்னித்திருக்காது.

சில நாட்களுக்குப் பிறகு கடை ரெலிபோன் அடித்தது. வயதுபோன பொம்பிளைக் குரல். மூச்சு வாங்கியது. தன் மகனுடைய பத்திரிகையின் உள்பக்கத்தில் இந்த நம்பர் இருந்ததாம்.

"ஒவ்வொரு இதழும் எனக்கு அனுப்புவான். ஒண்டுக்கும் நான் பதில் போடேல்லை" என்றா. "பொலிஸ் போன் பண்ணிச் சொன்னது. நான் நம்பேல்லை. முந்தியும் ஒருக்கா யூனிபோம் போட்டவங்கள் வந்து மற்றவனைப் பற்றிச் சொன்னவங்கள். ஒருத்தனும் பாக்கேல்லை, சொல்ல மட்டும் வந்தவங்கள். அதுதான் கேக்கிறன். என்ர மகன் செத்ததை ஆரும் பாத்தவையோ? நீர் பாத்தனீரோ?"

"ஓம் அம்மா. செத்துக் கிடந்ததைப் பாத்தனான்."

"எங்கை கிடந்தவன்?"

"சமையல் மேசையிலை. கதிரையிலை இருந்தபடி. கண்ணாடி நெத்திக்கு ஏறியிருந்தது. ஒரு காலிலை மேஸ், மற்றது வெறுங்கால். பக்கத்திலை மடிச்ச தாள் கொஞ்சம், மடியாத தாள் கொஞ்சம்."

"நித்திரை கொள்ளுற மாதிரியோ இருந்தவன்?"

இதற்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்று ஆருக்கும் தெரியும். அமைதியாக என்று நாள்தோறும் ரைப் பண்ணுகிற கை இது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் ஒரு கிழவி நிம்மதியாகப் படுப்பா. வாய்வரை வந்தது. அந்த மனிசன் மூலை மேசையில் இருந்து என்னைத் திரும்பிப் பார்ப்பதுபோல இருந்தது.

"இல்லை அம்மா. வாய் திறந்திருந்தது. கண்ணும் பாதி திறந்திருந்தது. முகம் கறுத்துப்போச்சு. வலக்கையிலை கரண்டி இருந்தது, இறுக்கிப் பிடிச்சபடி."



"என்ன கரண்டி?"

"தாள் மடிக்கிற கரண்டி. எப்பவும் கோட்டுக்குள்ளை வைச்சிருப்பார்."

"கைப்பிடியிலை பூ இருக்கோ?"

"ஓம். தேய்ஞ்சுபோச்சு, பாதிப் பூதான் தெரியும்."

"அது என்ர வீட்டுக் கரண்டி" என்றா. "வீட்டை விட்டுப் போன அண்டைக்கு ஒண்டு குறைஞ்சது." பிறகு மூச்சை இழுத்து விட்டா. "சரி. அப்ப, செத்துத்தான் போனான்."

சொல்லிவிட்டு அழத் தொடங்கினா. எத்தனையோ வருசம் கதைக்காமல் வைத்திருந்த அழுகை. நான் ரெலிபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. காட் அடிக்க வந்த ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அண்ணை அவர்களைப் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். கடைசியில் அந்த மனிசி மூக்கைச் சீறிவிட்டு, "நீர் பாத்தது பெரிய புண்ணியம், பிள்ளை" என்ற கருத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டா.

"ஆர் பிள்ளை?" என்றார் அண்ணை.

"பாத்தனியோவின்ர தாய்."

"பாவம். என்னவாம்?"

பின்னறைக்குள் போய் மெசினுக்குப் பக்கத்தில் நின்றேன். அந்த வயதுபோன மனிசிமேல் எனக்குப் பொறாமை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்படி ஒரு பொறாமை என் வாழ்க்கையில் வேறு ஒருவர்மேலும் வந்ததில்லை. இரண்டு பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்காவது அவவுக்கு அழக் கிடைத்துவிட்டது. வாய் திறந்திருந்தது, கண் பாதி திறந்திருந்தது என்று சொல்ல ஒருத்தி கிடைத்தாள்.

பொட்டு இப்போதும் வைக்கிறேன். அஜக்ஸுக்குப் போகவில்லை. கட்டட இலக்கமும் கதவிலக்கமும் அதேதான், ரெலிபோன் நம்பரும் மாறவில்லை. அடித்தால் ஓடிப்போய் எடுக்கிறேன். பாத்தனான் என்று சொல்ல இன்னும் ஒருவரும் கூப்பிடவில்லை.